பேரல் வெட்டிய ட்ராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டு .45-70: குண்டு புரண்டு போகுது, உதவுங்க

கரிசல்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். பென்சில்வேனியாவில் இருக்கேன். ஒரு கன் ஷோவில் ட்ராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டு ஒன்னு (19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ராணுவத் துப்பாக்கி, மேலே திறக்கிற மூடி வழியா .45-70ங்கிற தோட்டாவை ஒன்னொன்னா போடணும்) 600 டாலருக்குக் கிடைச்சுது. பூட்டுத் தகட்டில் கழுகு, பக்கத்துல யு.எஸ். ஸ்பிரிங்ஃபீல்டு எழுத்து, ரெண்டும் தெளிவா இருக்கு. ஆனா எப்பவோ யாரோ வேட்டைக்குத் தோதா மாத்தியிருக்காங்க. பேரலை வெட்டி 26 அங்குலமாக்கி, முன்கட்டையைக் குறைச்சு, முன் சைட்டுக்கு (குறி பார்க்கிற முனைக்கு) ஒரு பித்தளைத் துண்டைப் பத்த வச்சிருக்காங்க. வித்தவர் "குதிரைப்படை கார்பைன்"னு, அதாவது குட்டைப் பேரல் ராணுவத் துப்பாக்கின்னு, சொன்னார்.

கடையில கிடைச்ச 300 கிரெய்ன் (குண்டோட எடை) ஜாக்கெட் தோட்டாவை, அதாவது ஈயத்துக்கு மேலே தாமிரம் போர்த்தினதை, போட்டுச் சுட்டேன். 50 கஜத்துல பேப்பரில் ஓட்டை வட்டமா விழலை, பூட்டின் சாவித் துவாரம் மாதிரி நீளமா கிழியுது. சிலது பேப்பரிலேயே இல்லை. விழுந்ததெல்லாம் குறிக்கு மேலே. பேரல் தேஞ்சு போச்சா? இதை இன்னும் சுடலாமா?

பழைய_இரும்பு:
இப்போதைக்குச் சுடுறதை நிறுத்துங்க. தோட்டா டப்பாவில் என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. .45-70க்கு ஸாமி (அமெரிக்கத் தோட்டாத் தயாரிப்பாளர்களோட தர அமைப்பு) வச்சிருக்கிற அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டு. அந்தக் குறைச்ச வரம்பே உங்க துப்பாக்கி மாதிரிப் பழசுகளை மனசுல வச்சுத்தான். ஆனா லீவர் ஆக்‌ஷன் மார்லின், ரூகர் நம்பர் ஒன் மாதிரி பலமான புதுத் துப்பாக்கிகளுக்குன்னே அதைத் தாண்டின அழுத்தமுள்ள தோட்டா விக்கிறாங்க. உறை ஒன்னுதான், தாராளமா உள்ளே போகும். அதுதான் ஆபத்து.

அடுத்து மூடி. தோட்டா இல்லாம மூடிப் பாருங்க. வலது பக்கக் கட்டைவிரல் பிடி முழுசா கீழே இறங்கிப் பூட்டணும். பூட்டின பிறகு மூடியை விரலால் அழுத்தினா மேலும் கீழும் ஆடக் கூடாது. மூடியைத் திறந்து குலுக்கினா பயரிங் பின் (தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கிற ஊசி) உள்ளே தடையில்லாம முன்னும் பின்னும் ஓடணும். எண்ணெய்ப் பிசுக்குல முனை வெளியே நீட்டி மாட்டியிருந்தா, மூடும்போதே தோட்டா வெடிக்க வாய்ப்பு இருக்கு.

வித்தவர் சொன்னதை மறந்துடுங்க. ராணுவக் கார்பைன் பேரல் 22 அங்குலம், ரைஃபிள் 32 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. முன்கட்டையைத் திருப்பிப் பாருங்க. அடியில சலாகைக்கு (பேரலுக்குள்ள விடுற நீளக் கம்பிக்கு) வெட்டின பள்ளம் இருந்தாலோ, அதுல மரத் துண்டு வச்சு அடைச்ச கோடு தெரிஞ்சாலோ, அது காலாட்படை ரைஃபிள்.

டெக்சாஸ்_மச்சான்:
கரிசல் ப்ரோ, 300 கிரெய்ன் லைட்டு. மருந்து கூடின, சூடான 405 கிரெய்ன் போடுங்க, வேகம் ஏறினா தானா நேராயிடும்.

பழைய_இரும்பு:
தம்பி, அது மார்லினுக்குச் சொல்ற யோசனை. இங்கே மூடியை அடைச்சுப் பிடிக்கிறது ஒரு சின்ன கேம் (திரும்பிப் பூட்டுற நாக்கு) தான். வேகத்தைக் கூட்டினா இந்தக் கோளாறு தீராது, புதுசா ஒன்னு சேரும்.

ஈயக்கட்டி:
எனக்கு முதல் சந்தேகம் குண்டோட விட்டத்து மேலதான். உங்க ஜாக்கெட் குண்டு 0.458 அங்குலம். ஆனா ட்ராப்டோர் பேரலை அளந்து பார்த்தா 0.460, 0.462ன்னு வர்றது சகஜம். குண்டு ரைஃப்ளிங்கை (பேரலுக்குள்ள சுழல் வரிப் பள்ளங்களை) கவ்வாம வழுக்கிட்டுப் போனா சுழற்சி கிடைக்காது, புரளும். அந்தக் காலத்து ஈயக் குண்டு மெத்துனு இருக்கும். கருமருந்து வெடிக்கிற அதிர்ச்சியில அடிப்பக்கம் வீங்கி இடைவெளியை அடைச்சிடும். தாமிர ஜாக்கெட் வீங்காது. போதாக்குறைக்கு அந்தப் பழைய எஃகு மெத்து, ஜாக்கெட் குண்டு அதைத் தேய்க்கவும் செய்யும்.

பேரலை அளங்க. எண்ணெய் தடவி, சுத்தமான ஈய உருண்டையை வாய்ப்பக்கமா மரச்சுத்தியால இறக்கி, சலாகையால மெதுவா தள்ளி எடுங்க. ஒரு விஷயத்துல நிறையப் பேர் ஏமாறுவாங்க: இதுல ரைஃப்ளிங் பள்ளம் மூணுதான். ஈயத்துல ஒரு மேட்டுக்கு நேர் எதிரே இன்னொரு மேடு வராது, பள்ளம் வரும். வெர்னியர் அப்படியே வச்சா அளவு குறைச்சுக் காட்டும். மெல்லிய ஷிம் தகட்டை ஈயத்தைச் சுத்தி இறுக்கி அளந்து, தகட்டுக் கனத்தை ரெண்டு தடவை கழிச்சுக்குங்க.

நெய்தல்:
குறுக்கே ஒரு கேள்வி. இந்தத் துப்பாக்கிலதானே 1876ல் லிட்டில் பிக்ஹார்னில் உறை மாட்டிக்கிட்டு கஸ்டர் படை அழிஞ்சுதுன்னு சொல்வாங்க? நம்ம ஆளுக்கும் அப்படி ஆகுமா?

ஈயக்கட்டி:
அப்போ உறை தாமிரத்துல இருந்துச்சு, அழுக்கும் சூடும் சேர்ந்தா சேம்பர்ல (தோட்டா உட்கார்ற அறையில) ஒட்டும். 1980களில் அந்தப் போர்க்களத்தைத் தோண்டி ஆராய்ஞ்சப்போ, கத்தி முனையால நெம்பின கீறல் உள்ள உறைகள் கொஞ்சம்தான் கிடைச்சுது. தோல்விக்கு அதையே முழுக் காரணமா சொல்றது கதை. இப்போ எல்லாம் பித்தளை உறை, கவலை வேண்டாம்.

கரிசல்காரன்:
அளந்துட்டேன், ஷிம் சுத்தித்தான். 0.461 வருது. முன்கட்டை அடியில அடைச்ச மரத் துண்டு பளிச்சுனு தெரியுது, ஆக கார்பைன் இல்லை. மூடி ஆடலை, பின் தடையில்லாம ஓடுது. டப்பாவில் எல்லா .45-70 துப்பாக்கிக்கும் ஏத்ததுன்னுதான் போட்டிருக்கு. சட்டம் பத்தியும் ஒரு பயம்: பேரல் வெட்டினதால சிக்கல் வருமா?

பழைய_இரும்பு:
மத்திய சட்டத்துல 1898 வரைக்கும் செஞ்சது பழம்பொருள், எல்லா ட்ராப்டோரும் அதுக்குள்ள அடங்கும். ஆனா 16 அங்குலத்துக்குக் கீழே வெட்டின ரைஃபிளுக்கு அந்தச் சலுகை போதாது, ஏன்னா .45-70 தோட்டா இன்னிக்கும் கடையில கிடைக்குது. உங்களுது 26, அதனால அந்தத் தொல்லை இல்லை. மாநில விதியை மட்டும் தனியா பார்த்துக்குங்க.

ஈயக்கட்டி:
0.461 பேரலுக்கு 0.461 அல்லது 0.462ல் மெத்தான ஈயக் குண்டு, 405 கிரெய்ன். 20 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம். பக்கத்துல கருமருந்து லோடு பண்றவர் யாராவது இருந்தா ஒரு கை வாங்கிப் பாருங்க. ரைஃபிளுக்கு 70 கிரெய்ன் மருந்து, கார்பைனுக்கு உதை தாங்காதுன்னு 55 கிரெய்னாக் குறைச்சாங்க. உங்களுக்கும் 55 போதும். ஆனா அவர் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காலி இடம் விடாம வாட் (அட்டை வில்லை) வச்சு அடைக்கணும். சுட்டு முடிச்ச அன்னிக்கே வெந்நீர் ஊத்திக் கழுவிடுங்க, விட்டா துரு தின்னுடும்.

இன்னொன்னு, பேரலோட வாய், அதாவது குண்டு வெளியேறுற முனை. ரம்பத்தால வெட்டின பேரல்ல விளிம்பு கோணலா இருக்கும். பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே இழுத்துப் பாருங்க, ஓரத்துல நூல் சிக்கினா பிசிறு இருக்கு. அசல் கார்பைனா இருந்தா கை வைக்காதீங்கன்னு சொல்லியிருப்பேன். இது ஏற்கெனவே வெட்டினது, லேத்ல புது வாய் எடுத்தா மதிப்பு ஒன்னும் குறையாது.

கரிசல்காரன்:
பஞ்சு ஒரு பக்கம் சிக்குச்சு. கன்ஸ்மித்கிட்ட கொடுத்து வாய் சீராக்கியாச்சு. 0.462 ஈயக் குண்டு, 55 கிரெய்ன் கருமருந்து. ஓட்டை எல்லாம் வட்டமா விழுது, 50 கஜத்துல உள்ளங்கைக்குள்ளே அடங்குது! ஆனா குறிக்கு 9 அங்குலம் மேலே. பின் சைட்டு இதுக்கு மேல இறங்காது.

ஈயக்கட்டி:
முன் சைட்டு குட்டை, அவ்வளவுதான். ரெண்டு சைட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்?

கரிசல்காரன்:
20 அங்குலம்.

ஈயக்கட்டி:
50 கஜம்னா 1,800 அங்குலம். 20ஐ 9ஆல பெருக்கி 1,800ஆல வகுத்தா 0.1 அங்குலம். முன் சைட்டு அவ்வளவு உயரணும். கன்ஸ்மித்தை 0.15 கூடுதலா ஒரு பிளேடு வைக்கச் சொல்லுங்க. முதல்ல குண்டு குறிக்குக் கீழே விழும். அங்கேயே அரத்தை வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா ராவுங்க. ராவ ராவ மேலே ஏறும், அதே 50 கஜத்துல குறியைத் தொட்டதும் நிறுத்திடுங்க.