டோர்காவ் கைகுலுக்கல் முதல் பெர்லின் முற்றுகை வரை: நம்பிக்கை எங்கே உடைந்தது?

செங்கதிர்:
1945 ஏப்ரல் 25 அன்று எல்பே ஆற்றங்கரையில் டோர்காவ் நகரில் அமெரிக்க வீரர்களும் சோவியத் வீரர்களும் கைகுலுக்கினார்கள். 1948 ஜூன் 24-இல் அதே சோவியத் படை, தன் மண்டலத்துக்கு நடுவே மேற்கு நாடுகளின் வசம் இருந்த மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலையையும் ரயிலையும் அடைத்தது. நடுவில் மூன்றே வருடம். இதை "முதலாளித்துவமா, கம்யூனிசமா" என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுவது எனக்கு ஏற்பில்லை. 1941-லும் கொள்கைகள் வேறாகத்தான் இருந்தன, ஆனாலும் சேர்ந்து போரிட்டார்கள். ஒருவர் தற்காப்பு என்று செய்தது அடுத்தவர் கண்ணில் தாக்குதலுக்கான ஏற்பாடாகப் பட்டது. எது எது என்று பிரித்தறிய யாரிடமும் வழி இல்லை. மூல காரணம் அதுதான் என்பது என் வாதம்.

வடக்குவாசல்:
போலந்தை வைத்துப் பாருங்கள் நண்பரே. 1945 பிப்ரவரியில் நேச நாடுகளின் யால்டா மாநாட்டில் சுதந்திரத் தேர்தல் நடத்துவதாக ஒப்புக்கொண்டார் ஸ்டாலின். மார்ச்சிலேயே போலந்துத் தலைமறைவு இயக்கத் தலைவர்கள் 16 பேரைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்துக் கைது செய்து, ஜூனில் மாஸ்கோவில் விசாரணைக் கூண்டில் ஏற்றினார்கள். தேர்தல் 1947 ஜனவரியில்தான் நடந்தது, அதுவும் மோசடித் தேர்தல். இதில் கண்ணில் "பட்டது" என்ன இருக்கிறது? செய்தார்கள், அவ்வளவுதான்.

செங்கதிர்:
போலந்தில் நடந்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் யால்டா பேச்சின் சிக்கலைக் கவனியுங்கள். சுதந்திரத் தேர்தல் வேண்டும், மாஸ்கோவுக்கு நட்பான அரசும் வேண்டும். 1940-களின் போலந்தில் இவை இரண்டும் ஒன்றாக நடக்கவே முடியாது. மக்கள் மனம்போல் வாக்களித்தால் மாஸ்கோ விரும்பும் அரசு வராது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார், ஸ்டாலின் இரண்டாம் பாதியை. நெப்போலியன் 1812-லும் ஹிட்லர் 1941-லும் போலந்துச் சமவெளி வழியாகத்தான் வந்தார்கள். போரில் ஏறக்குறைய 2.7 கோடிப் பேரை இழந்த நாடு சோவியத். 1944 அக்டோபரில் சர்ச்சில் தன் கையாலேயே ஒரு தாளில் ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90, கிரீஸில் பிரிட்டனுக்கு 90 என்று சதவீதம் எழுதி நீட்டினார். அதற்குப் பிறகு "பங்கு பிரித்தாயிற்று" என்று ஸ்டாலின் நினைத்தது வியப்பில்லை.

ஏடுபுரட்டி:
இருவரும் வரைபடத்தையே பார்க்கிறீர்கள். பணத்தாளைப் பாருங்கள்.

1944-இல் நேச நாட்டுப் படைகள் ஜெர்மனியில் புழங்கவிட்ட ஆக்கிரமிப்பு மார்க் (ஜெர்மன் நாணயம்) நோட்டுகளின் அச்சுத் தகடுகளின் நகலை அமெரிக்கா சோவியத்துக்குக் கொடுத்தது. யார் எவ்வளவு அச்சிடலாம் என்ற உச்சவரம்பு இல்லை. சோவியத் அச்சகம் அச்சிட்டுத் தள்ளியது, அதிலிருந்து வீரர்களின் பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்தார்கள். சோவியத் நோட்டை அடையாளம் காண ஒரே வழி, வரிசை எண்ணுக்கு முன்னால் இருக்கும் சிறு கோடு. கடைசியில் மார்க்குக்கு மதிப்பே இல்லாமல் போய், சிகரெட்தான் நாணயமாகப் புழங்கியது.

இதைச் சரிசெய்ய அமெரிக்கா புது மார்க்கைத் தன் நாட்டிலேயே ரகசியமாக அச்சிட்டு, சுமார் 23,000 பெட்டிகளில் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் இறக்கியது. 1948 ஜூன் 18 அன்று அறிவிப்பு, 20 அன்று மேற்கு மண்டலங்களில் தலைக்கு முதலில் 40 மார்க் விநியோகம். மேற்கில் செல்லாமல் போன பழைய நோட்டு எங்கே ஓடும்? இன்னும் செல்லுபடியாகிற சோவியத் மண்டலத்துக்குத்தான். அங்கே புது நோட்டு தயாராக இல்லை. பழைய நோட்டின் மேல் ஒட்டுச்சீட்டு ஒட்டி 23-ஆம் தேதி அவசரமாக வெளியிட்டார்கள், பெர்லின் முழுவதற்கும் அதுவே செல்லும் என்றார்கள். மேற்கு நாடுகள் 'பி' முத்திரை குத்திய புது மார்க்கைத் தங்கள் பகுதியில் இறக்கின. மறுநாள் முற்றுகை.

வடக்குவாசல்:
நல்ல விளக்கம், ஆனால் பாதி வரைக்கும்தான். நோட்டு வெள்ளத்தைத் தடுக்கப் பயணிகளைச் சோதித்தால் போதும். நிலக்கரி ரயிலையும் மின்சாரத்தையும் ஏன் நிறுத்த வேண்டும்? மேற்கு பெர்லினில் சுமார் 20 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு உணவும் எரிபொருளும் விமானத்தில் கொண்டுபோகும் வேலை 1949 மே 12-இல் முற்றுகை நீங்கிய பிறகும் தொடர்ந்தது. மொத்தம் ஏறக்குறைய 23 லட்சம் டன். அதில் பெரும்பங்கு நிலக்கரி. மக்களைக் குளிரில் வைத்து அரசியல் சலுகை பறிக்கப் பார்த்தார்கள். இதைத் தற்காப்பு என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

செங்கதிர்:
ஒப்புக்கொள்கிறேன், முற்றுகை மிரட்டல்தான். ஆனால் 1948 ஜூலையில் அமெரிக்கா என்ன செய்தது? பி-29 குண்டுவீச்சு விமானங்களைப் பிரிட்டனுக்கு அனுப்பியது. ஹிரோஷிமாவில் குண்டு போட்ட அதே ரகம். ஆனால் அனுப்பப்பட்டவை அணுகுண்டு ஏந்தும்படி மாற்றியமைக்கப்படாதவை. வாஷிங்டன் அதை வெளியே சொல்லவில்லை. எதிராளி மோசமானதைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம்.

மறுபக்கமும் இதே கதை. மேற்கு உளவுத்துறை சோவியத்திடம் 175 டிவிஷன் (பெரிய படைப்பிரிவு) இருப்பதாக எண்ணியது. டிவிஷனைத்தான் எண்ணினார்கள், ஆளை அல்ல. பல டிவிஷன்களில் பாதி ஆள்கூட இல்லை, சிலவற்றில் அதிகாரிகளும் தளவாடங்களும் மட்டும். 1948-க்குள் சோவியத் படை ஒரு கோடிக்கும் மேலிருந்து 30 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது.

வடக்குவாசல்:
அங்கேதான் உங்கள் வாதம் இடறுகிறது. அமெரிக்கா படையைக் கலைத்ததை எந்தப் பத்திரிகையிலும் படிக்கலாம், காங்கிரஸ் விவாதத்தில் கேட்கலாம். சோவியத் எண்ணிக்கை ரகசியம், மேற்குக்கு எண்ணிப் பார்க்க விடவில்லை. சரிபார்க்க வழியில்லை என்று இருவர் மேலும் சமமாகப் பழி போடாதீர்கள். கதவைப் பூட்டியவர் ஒருவர்.

செங்கதிர்:
படை விஷயத்தில் சரி. குண்டு விஷயத்தில்? 1945 ஜூலை 24 அன்று போட்ஸ்டாம் மாநாட்டில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் ஸ்டாலினிடம் சொன்னது, அசாதாரண அழிவுச் சக்தியுள்ள புதிய ஆயுதம் இருக்கிறது என்பது மட்டும். அணு என்ற சொல்லே இல்லை. உளவாளிகள் மூலம் ஸ்டாலினுக்கு ஏற்கெனவே தெரியும். கூட்டாளி மறைக்கிறான் என்பதை நேரில் பார்த்துவிட்டார். ஆகஸ்ட் 20-இல் ரகசியக் காவல்துறைத் தலைவர் பெரியா தலைமையில் அணுகுண்டுக்கான சிறப்புக் குழு அமைந்துவிட்டது.

ஏடுபுரட்டி:
1946 ஜூனில் அணு ஆயுதக் கட்டுப்பாட்டுக்கு ஐ.நா.வில் இரண்டு திட்டங்கள் வந்தன. முதலில் சர்வதேச ஆய்வும் கட்டுப்பாடும், தண்டனையில் வீட்டோ கிடையாது, அதன் பிறகே எங்கள் குண்டுகளை அழிப்போம் என்றது அமெரிக்கப் பிரதிநிதி பரூக்கின் திட்டம். முதலில் தடை, இருப்பதை அழியுங்கள், ஆய்வு பிறகு என்றது சோவியத் பிரதிநிதி குரோமிகோவின் திட்டம். வரிசையை மாற்றினால் ஒரு தரப்பு நிராயுதபாணியாக நிற்கும் இடைவெளி வரும். அந்த இடைவெளியை யார் தாங்குவது என்பதில்தான் இரண்டும் செத்தன.

வடக்குவாசல் சொல்வதற்கு இன்னொரு பதில் ஈரான். போர் முடிந்து ஆறு மாதத்துக்குள் அங்கிருந்த சோவியத், பிரிட்டிஷ் படைகள் வெளியேற வேண்டும் என்று 1942 ஒப்பந்தத்தில் இருந்தது. கெடு 1946 மார்ச் 2. சோவியத் தாண்டியது, மீறல் பளிச்சென்று தெரிந்தது, விவகாரம் பாதுகாப்புச் சபைக்குப் போனது. எண்ணெய் உரிமை தருவதாக ஈரானும் வாக்குக் கொடுத்தது. மே மாதத்தில் படை வெளியேறியது. யால்டாவில் போலந்துத் தேர்தலுக்கு எழுதியதோ "கூடிய விரைவில்" என்று. நாள் குறிக்கவில்லை. 1955 மே மாத ஆஸ்திரிய ஒப்பந்தத்தில் அந்நியப் படைகள் வெளியேற மறுபடி நாள் குறித்தார்கள், 90 நாள், அதிகபட்சம் டிசம்பர் 31. அக்டோபருக்குள் எல்லாப் படையும் போயிற்று.

வடக்குவாசல்:
ஈரான் உதாரணத்தை ஏற்கிறேன். ஆஸ்திரியாவுக்கு ஒரு திருத்தம். அந்த ஒப்பந்தப் பேச்சு 1947-லேயே தொடங்கியது, வருடக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. ஸ்டாலின் இறந்தது 1953 மார்ச்சில். இரண்டே வருடத்தில் கையெழுத்தாகிவிட்டது.