மழையில் சாலை பார்த்தவர்

மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் சாலைகளையும் பாலங்களையும் அமைத்த அரசு ஊழியர்களை நேரில் அறிந்தவர்கள் எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு முன் எழுதியவர்கள் எல்லாரும் துன் சாமிவேலுவைக் கூட்டங்களில் கண்டதைச் சொல்லியிருக்கிறார்கள். 1979 முதல் 1989 வரையும், பிறகு 1995 முதல் 2008 வரையும் பொதுப்பணி அமைச்சராக இருந்தவரை அப்படி நினைவுகூர்வது முறையே. அவர் பொதுப்பணி அமைச்சராக இருந்தபோதே வடக்கு தெற்கு நெடுஞ்சாலை திறக்கப்பட்டதாக எழுதியதற்கு ஒரு சிறு திருத்தம் மட்டும்: 1994இல் அது முழுமையாகத் திறக்கப்பட்டபோது அவர் வேறு அமைச்சில் இருந்தார், ஆனால் அந்த வேலை பெருமளவு தொடங்கி நடந்தது அவர் காலத்தில்தான். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பினாங்குப் பாலத்துக்காக விடாமல் நின்ற முன்னாள் முதலமைச்சர் துன் டாக்டர் லிம் சோங் இயூவையும் யாராவது எழுதுங்கள்.

நான் அறிந்தவர் பொதுப்பணித் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த ஒரு பொறியாளர். பெயரை வெளியிட அவருடைய குடும்பத்தார் விரும்பவில்லை என்பதால், பெருநிலப் பக்கத்துப் பிறை என்ற ஊரில் நாங்கள் கூப்பிட்டபடி ‘ஜே.கே.ஆர். ஐயா’ என்றே எழுதுகிறேன். ஜே.கே.ஆர். என்பது பொதுப்பணித் துறையின் மலாய்ப் பெயர்ச் சுருக்கம்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தமிழ்ப்பள்ளியின் முன்சாலையில், ஒரு மணி நேரம் மழை கொட்டினாலே கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும். பெற்றோர் சங்கம் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ஒரு நாள் மாலை, பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு, மழை விடட்டும் என்று வாசலில் காத்திருந்தேன். எதிரே கால்வாயோரம் ஒருவர் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, ஒரு கையில் குடையும் மறு கையில் நீண்ட மூங்கில் கோலுமாக நின்றுகொண்டிருந்தார். கோலில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாகச் சிவப்பு ஒட்டுநாடா சுற்றியிருந்தது. தண்ணீருக்குள் கோலை நட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, நெகிழிப் பைக்குள் கையை விட்டுக் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

“மழை விட்டதும் பார்க்கக் கூடாதா, ஐயா?” என்று கேட்டேன்.

“மழை விட்டால் தண்ணீர் போய்விடும், டீச்சர். எந்த வழியாகப் போனாய் என்று அப்புறம் யாரைக் கேட்பது?” என்றார்.

சாலைக்கு அடியில் போட்டிருந்த கான்கிரீட் குழாயின் வாய், கால்வாயின் தரையைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்ததுதான் கோளாறு. தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறிய பிறகே குழாய்க்குள் நுழைய முடியும். அதற்குள் பின்னால் வரும் வெள்ளம் சாலைக்கு ஏறிவிடும். சில மாதங்களில் குழாயைத் தோண்டி இறக்கிப் போட்டார்கள். லாரிகள்தாம் சாலையைக் கெடுக்கின்றன என்று நான் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தாருக்கு அடியில் உள்ள சரளைக்கற்களுக்கு நடுவே தண்ணீர் தங்கிவிட்டால், ஒவ்வொரு சக்கரமும் ஏறி இறங்கும்போது சேற்றைப் பிதுக்கி வெளியே தள்ளுகிறது என்றும், அடியில் வெற்றிடம் விழுந்த பிறகே மேலே குழி தெரிகிறது என்றும், பள்ளிக்கூடத்துத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் படம் வரைந்து காட்டினார். இத்தனை ஆண்டு வாத்தியார் வேலையில் அவ்வளவு தெளிவான பாடத்தை நான் நடத்தியதில்லை.

அவரிடமும் குறை உண்டு. கடிதத்துக்குப் பதில் எழுதும் பழக்கம் அறவே இல்லை. நேரில் வந்து நிற்பதே பதில் என்று நினைப்பார். டோல் பேச்சை எடுத்தால் காது கேட்காதவர் போல் இருப்பார். பாலத்தில் தீவுக்குப் போகும் காருக்கு ஏழு வெள்ளி (ரிங்கிட்), திரும்பி வருவதற்குக் காசில்லை என்றிருந்த காலம் அது. “உள்ளே போகத்தானே காசு? போய் அங்கேயே தங்கிவிடுங்கள்” என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே தப்பித்துக்கொண்டார்.

1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த் படகுத்துறை முனையத்தில், திருவிழாக் கூட்டம் நெருக்கி நின்றிருந்தபோது நடைதளம் இடிந்து விழுந்து 32 பேர் இறந்ததைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஆனால் அதன் பிறகு எந்தக் கூட்டத்துக்கு வந்தாலும், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனாலும்கூட, முதலில் காலடியையும் தூண்களையும் பார்த்துவிட்டுத்தான் நிற்பார் என்று அவருடைய மனைவி சொன்னார்.

பெருநிலத்தில் உள்ள பத்து காவான் என்ற இடத்திலிருந்து தீவுக்குப் போகும் 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம் 2014 மார்ச் 1 அன்று திறக்கப்பட்டது. அந்த ஆண்டுப் பள்ளி விடுமுறையில், ஓய்வு பெற்றிருந்த அவரையும் அழைத்துக்கொண்டு ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பேருந்தில் கூட்டிப் போனோம். போகும்போது பழைய பாலம், திரும்பும்போது புதியது. பழைய பாலத்தில் ஏறியதும் எல்லாரையும் வாயை மூடச் சொன்னார். ‘தடக், தடக்’ என்று சக்கரம் இணைப்புகளைக் கடக்கும் சத்தம் கேட்டது. வெயிலில் கான்கிரீட் நீளும், இரவில் சுருங்கும், அதற்காக விட்ட இடைவெளி அது என்றார். பிள்ளைகள் விரல் விட்டு எண்ணத் தொடங்கி, நடுக்கடலுக்கு வருவதற்குள் கணக்கைத் தவறவிட்டார்கள்.

திரும்பும் வழியில் ஒரு மாணவி, நிலநடுக்கம் வந்தால் பாலம் விழுந்துவிடுமா என்று கேட்டாள். சுமத்திராவில் நிலம் குலுங்கினால் பினாங்கிலும் அதிர்வு தெரியும் என்பதால், இந்தப் பாலத்தின் தூண்களுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே இயற்கை ரப்பரால் செய்த தடித்த தாங்கிகளை வைத்திருக்கிறார்கள் என்றும், தூண் நடுங்கினாலும் ரப்பர் அந்த நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும் என்றும் விளக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, “எங்கள் அம்மா தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், டீச்சர். அந்தப் பால் இப்படிக் கடலுக்கு நடுவில் வந்து உட்காரும் என்று அவருக்குத் தெரியாது” என்றார். மறுகரை வரும் வரை சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்த மூங்கில் கோலை அவருடைய மகன் எங்கள் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். ஒட்டுநாடா வெளுத்து இளஞ்சிவப்பாகிவிட்டது. சென்ற நவம்பரில் இரண்டு மணி நேரம் விடாமல் கொட்டியபோது, குடையை எடுத்துக்கொண்டு போய் அதே இடத்தில் கோலை நட்டுப் பார்த்தேன். தண்ணீர் இரண்டாவது நாடாவைத் தொடவில்லை.