ஆயா புத்தகம்: குடும்பக் குழுவில்

நான்: ஆயாவுக்கு 80 வருகிறது. அதற்குள் போட்டோ புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்துவிட வேண்டும். அவரவர் வீட்டுப் பழைய படங்களை அனுப்புங்கள்.

சித்தப்பா: 📷 48 படங்கள்

நான்: சித்தப்பா, வாட்ஸ்அப்பில் போட்டோவாகப் போட்டால் அளவு சுருங்கிவிடுகிறது. டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். 8-க்கு 10 அங்குலத்தில் தெளிவாக அச்சாக 2400-க்கு 3000 பிக்சலாவது வேண்டும்.

சித்தப்பா: அதெல்லாம் எனக்கு வராது. மஞ்சக்குப்பம் வந்து ஆல்பத்தையே தூக்கிக்கொண்டு போ.

புதுச்சேரி அத்தை: என் ஆல்பத்தில் படமெல்லாம் பசைத்தாளோடு ஒட்டிக்கொண்டது. பிய்க்கட்டுமா?

நான்: ஐயோ, வேண்டாம் அத்தை! மேல் பிளாஸ்டிக்கை மட்டும் தூக்கிவிட்டுப் பக்கத்தோடு ஸ்கேன் செய்துகொள்கிறேன்.

அக்கா: சித்தப்பா அனுப்பியதில் பாதி காதுகுத்து!

சித்தப்பா: என் மகள் காதுகுத்து. அப்படித்தான் இருக்கும்.

நான்: ஒரு பக்கம் உண்டு சித்தப்பா. தாய்மாமன் மடியில் வாயைப் பிளந்து அழுகிறாளே, அது ஒன்றே போதும்.

அக்கா: நடுமடிப்பில் யார் முகமும் வராமல் பார். என் கல்யாண ஆல்பத்தில் மாமியார் மூக்கு மடிப்புக்குள் போய்விட்டது. இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார் 😂

பெரியப்பா: பண்ருட்டித் தோட்டத்துப் பலாமரத்தடியில் ஆயாவும் தாத்தாவும் நிற்கிற படம் யாரிடம்? 2011 டிசம்பர் 30 தானே புயலில் அந்த மரம் சாய்ந்துவிட்டது. மரம் இருக்கிற படம் அது ஒன்றுதான்.

புதுச்சேரி அத்தை: என்னிடம். இதோ 📷 அதே மழையில் நனைந்து ஓரமெல்லாம் பழுப்பு.

நான்: 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து பெரிதாகப் போடலாம். பழுப்பை அழிக்கப் போவதில்லை, அதுவும் அந்தப் புயலின் கதைதானே. ஆனால் ஓரத்தில் பாவாடை சட்டையில் நிற்கும் பெண் யார்?

பெரியப்பா: நெல்லிக்குப்பம் சித்தி.

புதுச்சேரி அத்தை: சித்திக்கு அவ்வளவு நீள ஜடை ஏது? இரு, அம்மாவிடமே கேட்கிறேன்.

புதுச்சேரி அத்தை: அம்மா சொன்னது: “என் தங்கச்சி இல்லை. பக்கத்துத் தோட்டத்து முந்திரிக்காரர் மகள். போட்டோ பிடிக்கிறார்கள் என்று ஓடி வந்து நின்றாள். நிற்கட்டுமே என்று விட்டேன். இப்போதும் பண்ருட்டியில்தான் இருக்கிறாள்.”

நான்: படத்துக்குக் கீழே இதையே போடுகிறேன், ஒரு எழுத்து மாற்றாமல். மற்ற படங்களுக்கும் இப்படியே கேட்டுவையுங்கள் அத்தை. படத்தின் பின்னால் குறிப்பதென்றால் பென்சிலால், அழுத்தாமல்.

அக்கா: எத்தனை பிரதி?

நான்: வீட்டுக்கு ஒன்று.

பெரியப்பா: முந்திரிக்காரர் மகளுக்கும் ஒன்று சேர்த்துக்கொள். பணம் நான் தருகிறேன்.

நான்: சரி பெரியப்பா. முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்துப் பார்ப்போம். சில கடை சாஃப்ட்வேரில் தமிழ் உடைந்து, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும்.