மறுபடி பார்த்து நொந்துபோன ஸ்டார் ட்ரெக் எபிசோடு: உங்களுக்கு எது?

ஹோலோடெக்_மூணு
நெக்ஸ்ட் ஜெனரேஷன் இரண்டாம் சீசன் கடைசி எபிசோடு, ‘ஷேட்ஸ் ஆஃப் கிரே’. கதை தெரிஞ்சதுதான்: காலில் முள் குத்துது, கிருமி நரம்பைப் பிடிச்சு மேலே ஏறுது, கப்பலின் துணைத் தலைவர் ரைக்கர் படுக்கிறார், அவர் நினைவா பழைய எபிசோடு காட்சிகள் ஓடுது. ஓடட்டும், அது பிரச்சினை இல்லை. உறுத்துறது நடுவில் வர்ற ஒரே ஒரு இடம். ரைக்கர் தலையெல்லாம் ஊசி. இனிய நினைவு வந்தா கிருமி வேகமா வளருது, பயமோ கோபமோ வந்தா பின்வாங்குதுன்னு கப்பல் டாக்டர் புலாஸ்கி கண்டுபிடிக்கிறார். எவ்வளவு நல்ல கரு! இந்த மனுஷன் நிஜமாவே எதுக்குப் பயப்படுவார்னு உள்ளே போய்ப் பார்த்திருக்கலாம். கிடைச்சது என்னன்னா ‘ஸ்கின் ஆஃப் ஈவில்’ தார்க்குட்டையும் ‘கான்ஸ்பிரசி’யில் தலை வெடிக்கிற துண்டும்தான். முதல் பத்து நிமிஷத்தில் ரைக்கரா வர்ற ஃப்ரேக்ஸ் நடிப்பு அருமை. கொள்ளுத்தாத்தாவைக் கடிச்ச பாம்பு பத்தின அந்த ஜோக்குக்காகவே அதுவரைக்கும் பார்க்கலாம்.

நெகட்டிவ்_ரீல்
எழுதினவங்களை மட்டும் திட்டுறது நியாயமில்லை. 1988 எழுத்தாளர் வேலைநிறுத்தம் அஞ்சு மாசம் இழுத்தது. 26 எபிசோடு வரவேண்டிய சீசன் 22-ல் முடிஞ்சது. முதல் எபிசோடு ‘தி சைல்ட்’கூட எழுபதுகளில் எடுக்காமல் கைவிட்ட ஒரு தொடருக்கு எழுதின கதையைத் தூசி தட்டியதுதான். அதே சீசன் ‘க்யூ ஹூ’ எபிசோடில் ‘போர்க்’ (Borg) என்கிற எதிரிகளோட கப்பலுக்கே பட்ஜெட் மீறிப்போச்சு. வழக்கமா ஒரு எபிசோடு எடுக்க ஏழெட்டு நாள் ஆகும். ‘ஷேட்ஸ் ஆஃப் கிரே’யை மூணே நாளில் முடிச்சாங்க. மருத்துவ அறை செட்டைத் தாண்டிக் கதை ஏன் நகரவே இல்லைன்னு இப்போ புரியுதா?

தளம்_ஆறு
பட்ஜெட்டைச் சொல்லி எதையும் மன்னிக்க முடியுமென்றால் ‘ஸ்பாக்ஸ் பிரெய்ன்’ என்ன பாவம் செய்தது? 1968 செப்டம்பர் 20, அசல் ஸ்டார் ட்ரெக் தொடரின் மூன்றாம் சீசனின் முதல் எபிசோடு, அதுவும் வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு. எழுதியவர் ஜீன் கூன், ஆனால் டைட்டிலில் லீ க்ரோனின் என்ற புனைபெயர்தான் வரும். மூளை இல்லாத ஸ்பாக்கை ரிமோட் வைத்து நடக்க விடும் காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. பட்டனைத் தட்டினால் நிற்கிறார், தட்டினால் திரும்புகிறார். லியோனார்ட் நிமாய் அதை எந்தச் சலனமும் இல்லாமல் செய்வதுதான் சிரிப்பையும் எரிச்சலையும் ஒன்றாகக் கொண்டுவருகிறது. புளூரேயில் பார்ப்பவர்கள் பழைய எஃபெக்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். 2006-ல் தொடங்கிய புதுப்பிப்பில் கப்பலும் கிரகமும்தான் மாறின. ரிமோட் அப்படியேதான் இருக்கிறது.

அரைச்சுருதி
எல்லோரும் எந்தப் பிரதியில் பார்த்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பாதி ஏமாற்றம் அங்கேதான் இருக்கிறது.

நெக்ஸ்ட் ஜெனரேஷன் 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டது. ஆனால் எடிட்டிங்கும் எஃபெக்ட்ஸும் வீடியோ டேப்பில். நடிகர்கள் வரும் காட்சி நொடிக்கு 24 பிரேமிலிருந்து வந்தது, கப்பல் காட்சிகளில் சிலது வீடியோவிலேயே இணைத்தது. டிவிடியில் கப்பல் திரும்பும்போது விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடு வருவது இதனால்தான். விஎல்சி பிளேயரில் இந்தக் கோட்டை நீக்கும் டீஇன்டர்லேஸை ‘ஆன்’ செய்து, மோடில் யாடிஃப் 2எக்ஸ் வைத்தால் அது போய்விடும்.

ஃபிலிமிலிருந்து நேராக, நொடிக்கு 25 பிரேம் ஓடும் ‘பால்’ (PAL) டிவி முறைக்கு மாற்றிய தொடர்களில் வேறு கோளாறு. 24 பிரேமை 25 ஆக ஓட்டுவார்கள், வேகம் 4 சதவீதம் கூடும். 45 நிமிடம் 30 நொடி எபிசோடு சுமார் 43 நிமிடம் 40 நொடியில் முடியும். குரல் ஒரு அரைச்சுருதியில் (செமிடோன்) சுமார் முக்கால் பங்கு மேலே போகும். கம்பீரமாக நினைவிலிருக்கும் கேப்டன் குரல் கீச்சென்று கேட்டால் சந்தேகம் வேண்டாம், இதுதான். வேகத்தை 0.96 ஆக வையுங்கள். அது மட்டும் போதாது: விஎல்சி தானாகச் சுருதியைப் பழைய இடத்திலேயே பிடித்து வைக்கும். ஆடியோ அமைப்பில் டைம்-ஸ்ட்ரெச்சிங் டிக்கை எடுத்தால்தான் குரல் இறங்கும். நீளம் குறையாமல், ஆட்கள் நகரும்போது இரட்டை நிழல் மட்டும் விழுந்தால் அது வேறு. அமெரிக்க வீடியோ மாஸ்டரை அப்படியே மாற்றியிருக்கிறார்கள். அதை வேகம் மாற்றிச் சரிசெய்ய முடியாது, முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை (நடுவில் செயற்கைப் பிரேம் சேர்க்கும் வசதி) அணையுங்கள். படத்தை 4:3-லேயே விடுங்கள். அகலத் திரைக்கு ஜூம் செய்தால் மேலும் கீழுமாகக் கால்வாசிப் படம் போய்விடும், தலை வெட்டுப்படும்.

ஹோலோடெக்_மூணு
யாடிஃப் போட்டா திரைக்கதை சரியாயிடுமா அண்ணே? புளூரேயில்தான் பார்த்தது. ஊசி இன்னும் துல்லியமா தெரியுது, அவ்வளவுதான்.

வார்ப்_பத்து
வாயேஜர் தொடரின் ‘த்ரெஷோல்ட்’ (1996) சொல்ல யாரும் இல்லையா? வார்ப் என்பது கப்பலின் வேக அளவு; வார்ப் 10 என்றால் முடிவிலி வேகம், ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் இருக்கலாம். சரி. அதற்குப் பிறகு கப்பலோட்டி பாரிஸின் நாக்கு கழன்று விழுவதும், கேப்டனும் அவரும் பல்லியும் மீனும் கலந்த ஏதோவாக மாறுவதும் எந்தக் கணக்கு? இவர்களை மீட்டுக் கப்பலுக்குக் கொண்டுபோகிறார்கள். இவர்களுக்குப் பிறந்த குட்டிகள் சேற்றிலேயே கிடக்கின்றன. அதைப் பற்றி ஓரிரு வசனம்தான், அப்புறம் பேச்சே இல்லை! ஒப்பனைக்கு எம்மி கிடைத்தது, அது தகும். இதற்கு எச்டி புதுப்பிப்பும் இல்லை, டிவிடி தரம்தான். அரைச்சுருதி சார் சொன்ன சீப்புக் கோடு இங்கே நிறைய வரும்.

தலைமயிர்_சாட்சி
‘ஷேட்ஸ் ஆஃப் கிரே’க்கே வருகிறேன். பணம், நேரம் எல்லாம் இருக்கட்டும். அதே சீசன் ஏழாவது எபிசோடு ‘அன்நேச்சுரல் செலெக்‌ஷன்’ ஞாபகம் இருக்கிறதா? புலாஸ்கி மடமடவென்று கிழவியாகிறார். ஆளைக் கரைத்து வேறிடத்தில் உருவாக்கும் டிரான்ஸ்போர்ட்டரில் அவருடைய பழைய பதிவு தேடினால் கிடைக்கவில்லை, அந்த அம்மாவுக்கு டிரான்ஸ்போர்ட்டரே ஆகாது. கடைசியில் சீப்பில் சிக்கிய முடியிலிருந்து டிஎன்ஏ எடுத்து, அதே டிரான்ஸ்போர்ட்டர் வழியாகப் பழைய உடம்பைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். 

பதினைந்து எபிசோடு கழித்து ரைக்கர் சாகக் கிடக்கிறார். டிரான்ஸ்போர்ட்டர் வடிகட்டியால் கிருமியைப் பிரிக்க முடியவில்லை என்று கைவிரிக்கிறார்கள். அவரோ வாராவாரம் கிரகத்துக்கு இறங்கி ஏறுகிற ஆள். முடிகூட வேண்டாம். அன்று காலை கீழே இறங்கிய பதிவே அதில் இருந்திருக்குமே, அதைப் பார்க்க வேண்டுமென்று ஒருத்தருக்குமா தோன்றவில்லை? அதுவும் அந்த வைத்தியத்தில் பிழைத்த டாக்டரே பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது.