புதுப்பிப்பு: அடம்பன் கொடியில் நத்தார் வாசல் வளையம்

திருகோணமலையில் செலவின்றிக் கிடைப்பவற்றைக் கொண்டே முன்கதவுக்கு நத்தார் வளையம் செய்யும் முறையை முன்னர் எழுதியிருந்தேன். அது மழைக்குத் தாங்குமா என்றும், சிவப்புக்குக் குன்றிமணி பதிக்கலாமா என்றும் சிலர் கேட்டிருந்ததால் இதை எழுதுகிறேன்.

உப்புவெளிக் கரையில் எடுத்த அடம்பன் கொடியை (கரை மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுவே என்பதால், வேரோடு பிடுங்காமல் நுனிகளை மட்டும் வெட்டினேன்) இலை உருவி, நிழலில் வாடவிட்டு, மூன்று புரியாக முறுக்கி வளைத்தேன். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மா சொல்லவில்லை. ஆனால் காயும்போது கொடி சுருங்கிக் கட்டுத் தளரும் என்பதால், நன்றாக உலர்ந்தபின் மீண்டும் இறுக்க வேண்டும். கட்டுவதற்குத் தங்கூசியே (நைலான் தூண்டில் நூல்) உகந்தது. இரும்புக் கம்பி உப்புக்காற்றில் துருவேறிக் கதவில் கறை இறக்கிவிடும்.

மழைச்சாரலில், வளையத்தில் அலங்காரமாகக் கட்டிய சவுக்கங்காய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பனையின் சார்வோலையில் செய்த பூக்கள் மட்டும் சற்றுச் சுருண்டன. கிரேப் தாள் வேண்டாம், சாயம் வடியும்.

குன்றிமணியின் ஓட்டைத் துளைத்தால் உள்ளிருக்கும் கடும் நஞ்சு வெளிப்படும். குழந்தைகள் கைபடும் கதவுக்கு அது கூடவே கூடாது. மஞ்சாடி விதையே போதும், அதன் சிவப்பும் எளிதில் மங்காது.