பாராளுமன்ற வேட்பாளர் பட்டியலில் பெண்கள்: யாழ்ப்பாணத்து அனுபவங்கள்

வலிகாமத்திலிருந்து, பிரதேச சபை முன்னாள் உறுப்பினர்:

2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு வந்தது. அப்போது கட்சிக்காரர் வீடு தேடி வந்தார்கள். "தங்கச்சி, ஒரு கையெழுத்துப் போடுங்கோ, பெண்கள் குறைஞ்சால் மனுவையே நிராகரிச்சுப் போடுவாங்கள்" என்றார்கள். போட்டேன், சபைக்கும் போனேன். வாய்க்கால், வீதி விளக்கு, சந்தைக் குத்தகை என்று எல்லாவற்றுக்கும் சண்டை பிடித்தேன்.

2024 பாராளுமன்றத் தேர்தலுக்கு நானாகவே விண்ணப்பித்தேன். பாராளுமன்றத்துக்கு அந்த ஒதுக்கீடு சட்டத்தில் இல்லை. அதனால் இந்த முறை ஒருவரும் வீடு தேடி வரவில்லை.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசையைச் சுற்றி முழுக்க ஆண்கள். முதல் கேள்வி, "உங்கட அவர் என்ன சொல்லுறார்?" அடுத்தது, "எவ்வளவு செலவழிப்பீங்கள், வெளிநாட்டில ஆர் இருக்கினம்?" சபையில் நான் கொண்டுவந்த தீர்மானங்களை ஒரு கோப்பில் போட்டுக் கொண்டு போயிருந்தேன். ஒருவர் அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். கடைசிவரை ஒருவரும் அதைத் திறக்கவில்லை. "நீங்கள் நல்லாத்தான் வேலை செய்யிறீங்கள் பிள்ளை, ஆனால் விருப்பு வாக்கு எடுக்க ஏலாது" என்று அனுப்பிவிட்டார்கள். கட்சிக்குப் போடும் வாக்கோடு, அதன் பட்டியலில் தனக்குப் பிடித்த ஆட்களுக்கும் வாக்காளர் போடுவதுதான் விருப்பு வாக்கு.

அந்தத் தேர்தலில் கிளிநொச்சியும் சேர்ந்த யாழ். தேர்தல் மாவட்டத்துக்கு 6 ஆசனம். ஒரு கட்சி 9 பேரை நிறுத்தலாம். அந்த ஒன்பதுக்குள் தொகுதி பார்ப்பார்கள், ஊர் பார்ப்பார்கள், சாதி, சமயம், காசு எல்லாம் பார்ப்பார்கள். அதெல்லாம் முடிந்து இடம் மிஞ்சினால்தான் பெண்ணின் பெயர் வரும். வந்தாலும் சொந்தப் பட்டியலில் இருப்பவரோடேயே விருப்பு வாக்குக்குப் போட்டி. தீவகத்திலிருந்து கிளிநொச்சி வரை வாகனம், போஸ்டர், ஆட்கள் என்று எல்லாம் சொந்தச் செலவு. அந்த முறை தெரிவான ஆறு பேரும் ஆண்கள்.

கிளிநொச்சியிலிருந்து, இளைஞர் அணியில் இருப்பவர்:

அக்கா, எனக்கு நேர்முகம் வரைக்கும்கூடப் போகக் கிடைக்கவில்லை. கூட்டங்களை யாழ்ப்பாணத்தில் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகுதான் வைப்பார்கள். பஸ்ஸை விட்டால் வீடு வந்து சேர முடியாது என்று இடையில் எழும்பி வந்துவிடுவேன். நான் வந்த பிறகு யாராவது ஒரு தலைவரின் வீட்டில் இருந்து பெயர்களை முடிவு செய்வார்கள். அடுத்த நாள் கேட்டால், "நீர் கூட்டத்தில நிக்கேல்லையே" என்பார்கள். கட்சிக்குள் என் பெயர் அடிபடத் தொடங்கியதும் முகநூலில் என் படத்தைப் போட்டு அசிங்கமாக எழுதினார்கள். அம்மா பயந்துவிட்டார். கட்சியிலிருந்து ஒருவர்கூட அதைக் கண்டித்து ஒரு வரி எழுதவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நல்லூரிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை:

சனம் பெண்ணுக்குப் போடாது என்பது பொய். 2004இல் பத்மினி சிதம்பரநாதன் யாழ். மாவட்டத்தில் வென்றார். 2010இலும் 2015இலும் விஜயகலா மகேஸ்வரன். 2013 மாகாண சபைத் தேர்தலில் அனந்தி சசிதரனுக்கு 87,000க்கு மேல் விருப்பு வாக்கு. அவருடைய பட்டியலில், பிறகு முதலமைச்சரான விக்னேஸ்வரனுக்கு அடுத்த இடம் அவருக்குத்தான்.

ஒன்றைக் கவனியுங்கோ. விஜயகலாவின் கணவர் கொல்லப்பட்டவர். அனந்தியின் கணவர் போர் முடிவில் சரணடைந்த பிறகு காணாமல் ஆக்கப்பட்டவர். அவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் துயரம் சுமந்தவளுக்குத் திறந்த கதவை, சபையில் வரவு செலவு படித்து விவாதித்தவளுக்கும் கட்சிகள் திறக்க வேண்டும். நியமனக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருந்தால் முதல் கேள்வியே மாறும்.

வலிகாமத்திலிருந்து:

நன்றி ரீச்சர். நான் கட்சியை விட்டுப் போகவில்லை. அடுத்த முறை விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புவேன். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லி அதிலேயே கேட்பேன். கிளிநொச்சித் தங்கச்சி, நீரும் போடும். கூட்டத்தைப் பகலில் வைக்கச் சொல்லிச் செயலாளருக்கு இரண்டு பேருமாகச் சேர்ந்து கடிதம் கொடுப்பம்.