சிரோசிஸ் முற்றின வீட்டுக்காரரை வீட்டில் வைத்துப் பார்ப்பது எப்படிங்க?

காங்கயத்துக்காரி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க வீட்டுக்காரருக்கு 54 வயசு. குடிப்பழக்கம் கிடையாது. 16 வருஷமா சர்க்கரை, அதோட வந்த கொழுப்புக் கல்லீரல் இப்ப சிரோசிஸ்ல (கல்லீரல் தழும்பேறி இறுகிப் போறது) நிக்குது. வயித்துல நீர் கோத்து ரெண்டு தடவை ஊசி வெச்சு எடுத்தாச்சு. உணவுக்குழாய்ல ரத்த நரம்பு வீங்கி இருந்ததுக்கு வளையம் போட்டிருக்காங்க. போன மாசம் ராத்திரி பூரா முழிச்சிருந்து, விடியக்காலம் சட்டைப் பொத்தான் போடத் தெரியாம உக்காந்திருந்தாரு. அம்மோனியா மூளைக்கு ஏறிடுச்சுன்னு சொல்லி லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்தாங்க. நீர் போக மாத்திரையும் இருக்குது.

சிரப்பை எவ்வளவு, எப்ப கூட்டறது, எப்ப குறைக்கறது? முட்டை, பருப்பு ஆகாது, இளநீரும் கீழாநெல்லியும் குடுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க, சரியா? ராத்திரியில எதுக்கு உடனே கிளம்பணும், எதுக்குக் காலை வரைக்கும் பொறுக்கலாம்? பெரிய ஆஸ்பத்திரிக்கு எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். என் கல்லீரலைக் கொடுக்க முடியுமான்னும் தெரியணுமுங்க.

வார்டு செவிலியர், கோவை:
அம்மிணி, அம்மோனியாவை மலத்தோட வெளியேத்தத்தான் இந்த சிரப். அதனால் இதுக்கு அளவுகோல் மூடியில் இருக்கும் கோடு இல்லைங்க, மலம்தான். ஒரு நாளைக்கு 2, 3 தடவை இளக்கமாகப் போகணும். டாக்டர் எழுதின அளவில் ஆரம்பியுங்க. பெரும்பாலும் ஒரு வேளைக்கு 15 முதல் 30 மி.லி. இருக்கும். மத்தியானம் வரை ஒரு தடவையும் போகலைன்னா அடுத்த வேளையைக் கூட்டணும். 4, 5 தடவை தண்ணியாப் போனால் குறைக்கணும். எத்தனை மி.லி. வரை நீங்களே கூட்டலாம், குறைக்கலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே சீட்டில் எழுதி வாங்கிக்குங்க. நிறையப் போனால் நல்லதுதானே என்று விட்டுடாதீங்க. உடம்பில் நீர் வற்றினால், சோடியம் பொட்டாசியம் கலைந்தால், அதே குழப்பம் திரும்ப வரும். தித்திப்பு குமட்டினால் ஒரு டம்ளர் தண்ணியில் கலந்து கொடுங்க. முதல் வாரம் வயிறு உப்புசமா இருக்கும், அப்புறம் பழகிடும்.

கல்யாணம், நோம்பி என்று வெளியே கிளம்பும் நாளில்தான் இந்த சிரப்பை நிறுத்தறாங்க. வழியில் கக்கூஸ் கிடைக்காதே என்ற பயம். மறுநாள் குழப்பத்தோட ஆஸ்பத்திரிக்கு வராங்க. அன்னிக்குக் காலை 5 மணிக்கே ஒரு வேளை கொடுத்து, ஒரு தடவை போன பின்னால் கிளம்புங்க. மதிய வேளை தள்ளினாலும் சாயங்காலத்துக்குள் கொடுத்துடுங்க.

குழப்பம் ஒரே நாளில் வராதுங்க, முன்னாடியே தெரியும். பகலில் தூக்கம், ராத்திரி முழிப்பு, சம்பந்தமில்லாத கோபம், பேச்சு இழுப்பு. தினமும் காலையில் ஒரே நோட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. நேத்துப் போட்டதையும் இன்னிக்குப் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்க. எழுத்து கோணினால், வரி கீழே சரிந்தால், அது முதல் எச்சரிக்கை. பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுவது மாதிரி ரெண்டு கையையும் நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கி, விரலை விரிச்சு வைக்கச் சொல்லுங்க. கை கோழிச் சிறகு மாதிரி படபடவென்று கீழே விழுந்து எழுந்தால் அன்னிக்கே டாக்டரைக் கூப்பிடணும். ஒரு நிமிஷத்தில் மிருகங்கள் பேர் சொல்லச் சொல்லலாம். 10-க்குக் குறைந்தால் அதையும் சொல்லுங்க.

உங்க வீட்டுக்கு இன்னொன்று முக்கியம். அவருக்குச் சர்க்கரை இருக்கு. குழம்பிப் போயிருந்தால் முதல் வேலை, விரலில் குத்திப் பாருங்க. 70-க்குக் கீழே இருந்தால் அது தாழ் சர்க்கரை. முழிச்சு, விழுங்கும் நிலையில் இருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணியில் கலக்கிக் கொடுத்து 15 நிமிஷத்தில் மறுபடி பாருங்க. அரைத் தூக்கத்தில் இருப்பவர் வாயில் சர்க்கரைத் தண்ணியும் சிரப்பும் எதுவும் ஊத்தக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போயிடும். இடப்பக்கமாச் சாய்ச்சுப் படுக்க வெச்சு 108-ஐக் கூப்பிடுங்க.

ராத்திரியே கிளம்ப வேண்டியவை: ரத்த வாந்தி, அல்லது காப்பித்தூள் மாதிரி வாந்தி. தார் மாதிரி கருப்பா, ஒட்டற மாதிரி, கெட்ட நாத்தத்தோட மலம் (இரும்புச் சத்து மாத்திரை போட்டாலும் கருக்கும், ஆனால் நரம்புக்கு வளையம் போட்டவருக்கு அப்படித்தான் இருக்கும்னு நீங்களா முடிவு செய்யாதீங்க). எழுப்பினால் சரியா எழாத தூக்கம். காய்ச்சலும் வயித்து வலியும். அரை நாளா மூத்திரம் போகாம இருப்பது. வயித்து நீரில் கிருமி சேர்ந்தால் வலியோ காய்ச்சலோ இல்லாம வெறும் குழப்பம் மட்டும்கூட வரும், அதனால் காரணமில்லாத குழப்பத்தை வீட்டில் வெச்சுப் பார்க்காதீங்க. தொப்புள் பிதுங்கி இருந்தால், அது கல்லு மாதிரி இறுகி உள்ளே போகலைன்னாலும், தோல் வெடிச்சு நீர் கசிஞ்சாலும் உடனே போகணும்.

ஒரு தடவை குழப்பம் வந்தவர் வண்டி ஓட்டக்கூடாதுங்க, மொபெட்கூட. ராத்திரி மும்முனைக் கரண்ட் வந்ததும் மோட்டார் போடத் தனியாத் தோட்டத்துக்குப் போவதையும் நிறுத்துங்க. கிணத்து மேட்டில் கால் தடுமாற ஒரு நொடி போதும்.

உணவியலாளர், ஈரோடு:
முட்டையும் பருப்பும் ஆகாது என்பது பழைய எண்ணம். புரதத்தைக் குறைச்சால் சதை கரையும். அம்மோனியாவைக் கல்லீரல் கையாள முடியாத போது அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வது சதைதான், அதுவும் போனால் குழப்பம் கூடும். கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேணும். எடையில் வயித்து நீரைச் சேர்க்காதீங்க. நீர் இல்லாம 55 கிலோ என்றால் 66 முதல் 82 கிராம்.

ஒரு நாள் கணக்கு இப்படி வரும். முட்டை 2, 12 கிராம். ஊற வெச்ச பச்சைப்பயறு (வறண்டது 50 கிராம்) கடைஞ்சால் 12. துவரம்பருப்பு 50 கிராம், 11. பால் ஒரு டம்ளர், 6. தயிர் 200 கிராம், 6, 7. நிலக்கடலை ஒரு கைப்பிடி, 6. அரிசி, கோதுமை, ராகியில் 18 கிட்ட. 70-ஐத் தாண்டிடும். நம்ம அரிசியும்பருப்பும் சாதத்தில் பருப்பை ஒரு மடங்கு கூட்டிப் போட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. கொள்ளுக் கடைசலும் நல்லது. குழப்பம் வந்தவர்களுக்குப் பால், தயிர், பயறு வகைப் புரதம் இறைச்சியை விட நல்லா ஒத்துக்கும்.

நீர் அழுத்தறதால் ரெண்டு கவளத்திலேயே வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும், பாவம். 3 வேளைச் சாப்பாட்டை 6-ஆ பிரியுங்க. ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு வேளையை மட்டும் எந்த நாளும் விடாதீங்க. கெட்டுப்போன கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு இல்லாததால் ஒரு ராத்திரிப் பட்டினி நம்ம உடம்புக்கு ரெண்டு மூணு நாள் பட்டினி மாதிரி. சதையைக் கரைச்சுத்தான் விடிய வைக்கும். 10 மணிக்கு 3 இட்லி, ஒரு டம்ளர் சர்க்கரை போடாத பால். இட்லி சலிச்சால் பால் ஊத்தின சந்தகை (இடியாப்பம்). இதுக்கேத்த மாதிரி சர்க்கரை மருந்தைச் சரிசெய்யச் சொல்லி டாக்டரிடம் கேளுங்க.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். உடம்பில் 7, 8 கிராம் உப்பு தங்கினால் ஒரு லிட்டர் நீர் தங்கும், கணக்கு அவ்வளவுதான். காலையில் பொடி உப்பில் முக்கால் தேக்கரண்டியை ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வையுங்க, அவர் சாப்பாட்டுக்கு அன்னிக்கு அவ்வளவுதான். சோறு உப்பில்லாம வேகட்டும், இட்லி மாவில் அவருக்கு உப்புப் போடறதுக்கு முன்னாடி தனியா எடுத்து வையுங்க. புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், கொத்தமல்லி கூட்டினால் நாக்கு ரெண்டு வாரத்தில் பழகிடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், பேக்கரி பப்ஸ், மிக்சர், ஆப்ப சோடா போட்ட போண்டா எல்லாம் மறைஞ்சிருக்கும் உப்பு. அதுக்காக உப்பே இல்லாத பத்தியம் வேண்டாம். சாப்பாடே இறங்கலைன்னா சதை போயிடும். தண்ணியைக் குறைக்கறது டாக்டர் சொன்னால் மட்டும், பெரும்பாலும் ரத்தத்தில் சோடியம் 125-க்குக் கீழ் போனால்தான்.

காங்கயத்துக்காரி:
நன்றிங்க அக்கா. இன்னிக்கே நோட்டு வாங்கிட்டேன். இளநீர் மட்டும் சொல்லலையே? எங்க தோட்டத்திலேயே இருக்குது, தினமும் ஒண்ணு கொடுத்துட்டு வரேன்.

மருந்தாளர், பெருந்துறை:
இளநீரை நிறுத்துங்க அக்கா, ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்த பின்னால் பேசலாம். நீர் போக அவருக்குக் கொடுப்பதில் ஸ்பைரோனோலாக்டோன் இருந்தால் அது பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்தும். 200 மி.லி. இளநீரில் கிட்டத்தட்ட 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கு. ரெண்டும் சேர்ந்து ஏறினால் இதயத் துடிப்பு கெடும். 'குறைந்த சோடியம் உப்பு' என்று விற்பதும் பொட்டாசியம்தான், அதையும் வாங்காதீங்க. அதே மாத்திரையால் ஆம்பளைகளுக்கு மார்பு வீங்கி வலிக்கலாம். வெக்கப்பட்டு மறைப்பாங்க, நீங்களே கேளுங்க, மாத்து மருந்து இருக்கு.

எடையைத் தினமும் காலையில் மூத்திரம் போன பின்னால், சாப்பிடும் முன்னால், சமமான தரையில் பாருங்க. கால் வீக்கம் இல்லாதவருக்கு நாளைக்கு அரை கிலோவுக்கு மேல், வீக்கம் இருப்பவருக்கு 1 கிலோவுக்கு மேல் இறங்கினால் மருந்து அதிகம், கிட்னி அடிபடும். ஒரு வாரத்தில் 2 கிலோ ஏறினால் நீர் திரும்பச் சேருது. வாந்தி, பேதி வந்த அன்னிக்கு நீர் மாத்திரை போடும் முன்னால் டாக்டரிடம் கேளுங்க.

வலிக்கு டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் எதுவும் கூடாது. ரத்தம் கசியும், கிட்னி நிக்கும், நீர் மாத்திரை வேலை செய்யாது. மெடிக்கலில் 'உடம்பு வலி மாத்திரை' என்று சீட்டில்லாம வாங்கறதில் இவைதான் இருக்கும். பாராசிட்டமால் கல்லீரலுக்கு ஆகாது என்று பயந்து இதுக்குப் போறாங்க. ஆனால் 500 மில்லிகிராம் பாராசிட்டமால், நாளைக்கு 4-க்கு மிகாமல், டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போடலாம். தூக்க மாத்திரை குழப்பத்தைக் கிளப்பும். கீழாநெல்லி சிரோசிஸ் தழும்பைக் கரைக்காது. சீந்தில் கல்லீரலைக் கெடுத்ததாகப் பதிவுகள் உண்டு. பேர் தெரியாத பொடி, பற்பம், செந்தூரம் எதுவானாலும் வேண்டாம்.

மாற்று அறுவைப் பிரிவு ஒருங்கிணைப்பாளர்:
நீர் கோத்தல், வளையம், குழப்பம் மூணும் வந்தாச்சு. மாற்று சிகிச்சை மையத்தில் காட்டுவதை இனி ஒத்திப்போடாதீங்க. அப்புறம் வந்தால் சதை கரைஞ்சு, கிட்னி கெட்டு, அறுவையைத் தாங்க முடியாம போயிடும். ரத்தத்தில் பிலிருபின் (காமாலை அளவு), ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் அளவு), கிரியாட்டினின் (கிட்னி அளவு), சோடியம் நாலையும் வெச்சு ஒரு மதிப்பெண் போடுவாங்க. 15-ஐத் தொட்டாலே அனுப்பணும், இந்தச் சிக்கல்கள் இருந்தால் அதுக்கும் முன்னாலேயே. 6 மாசத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துக் கட்டி இருக்கான்னும் பார்க்கணும்.

1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி மனைவி நெருங்கிய உறவு, நீங்க கொடுக்கலாம். பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவங்க, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் வரைதான் அந்த வரிசை. மச்சான், பங்காளி, அண்ணன் மகன் கொடுக்க முன்வந்தால் அனுமதிக் குழு முன்னால் போகணும். உங்களுக்கு முதலில் பார்ப்பது ரத்த வகை, எடை, கல்லீரலில் கொழுப்பு. கொழுப்பு இருந்தால் சில மாசம் எடை குறைச்சுத் திரும்பப் பார்ப்பாங்க. ஆதார், ரேஷன் கார்டு, திருமணப் பதிவுச் சான்று தயாரா வையுங்க; பழைய கல்யாணம் பதிவாகாம இருந்தால் இப்பவே சார்பதிவாளர் ஆபீஸில் விசாரியுங்க. இன்னொரு பக்கம், இறந்தவர் கொடை வரிசையில் அவர் பேரைச் சேர்க்கச் சொல்லுங்க. மருத்துவமனை வழியாத்தான் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவாகும். ரெண்டு வழியும் ஒரே நேரத்தில் நடக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்று இருக்கு. வருமானச் சான்று, ரேஷன் கார்டோட கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்தில் அட்டையை முன்னாலேயே வாங்கிடுங்க.

காங்கயத்துக்காரி:
இன்னிக்குக் காலையில் கையெழுத்துப் போட்டாரு, நேரா இருந்துச்சு. எடை 61.4. இளநீர் நிறுத்தியாச்சுங்க. கையை நீட்டினால் லேசா ஒரு தடவை விழுந்த மாதிரி இருந்துச்சு, நேத்து மலம் ஒரே தடவைதான்.

வார்டு செவிலியர், கோவை:
லேசா விழுந்தாலும் விழுந்ததுதான் அம்மிணி. இப்பவே டாக்டருக்குப் போன் போட்டு ரெண்டையும் சொல்லுங்க, சிரப்பைக் கூட்டச் சொல்வாங்க. சர்க்கரை பாருங்க, காய்ச்சல் பாருங்க. சாயங்காலத்துக்குள் ரெண்டாவது தடவை போகலைன்னா, பேச்சு இழுத்தால், ராத்திரிக்குக் காத்திருக்காம வெளிச்சத்திலேயே கிளம்பிடுங்க.